கணினி மண் மாதிரியில் ரேலீ அலை: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

1995 ஜனவரி 17, விடியற்காலை 5.46. ஜப்பானின் கோபே நகரம் குலுங்கியது. 6,400 பேருக்கு மேல் இறந்தார்கள். பிறகு சேத வரைபடம் வரைந்து பார்த்தபோது, மிக மோசமாக இடிந்த வீடுகள் ஒரு நீண்ட பட்டையாகத் தெரிந்தன. ரொக்கோ மலையடிவாரத்துக்கு இணையாக, சுமார் 1 கிலோமீட்டர் அகலத்தில் கிடந்தது அந்தப் பட்டை. பிளவுக்கோடுகள் மலையடியில்தான் இருந்தன. ஆனால் பட்டை அங்கே இல்லை, கடலை நோக்கிக் கொஞ்சம் தள்ளி, வண்டல் சமவெளியில் இருந்தது.

ஏன் அங்கே? கீழிருந்து நேராக மேலே வந்த குறுக்கலையும் (போகும் திசைக்குக் குறுக்கே ஆட்டும் அலை), மலையும் வண்டலும் சேரும் விளிம்பிலிருந்து பக்கவாட்டில் கிளம்பிய அலையும் அந்த இடத்தில் ஒன்றாக வந்து சேர்ந்து ஒன்றையொன்று பெருக்கின என்று 1996-ல் ஜப்பானிய ஆய்வாளர் கவாசே விளக்கினார். பக்கவாட்டில் கிளம்பியதில், நிலத்தின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் ரேலீ அலையும் அடக்கம்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நம்மில் பெரும்பாலோர் மண்ணின் நில அதிர்வுக் கணக்கைத் தொடங்குவது ஒற்றைப் பரிமாணத் தூணில். ஒரு ஆழ்துளையின் அடுக்குகளை எடுத்து, அடியில் அதிர்வைக் கொடுத்து, மேலே என்ன வருகிறது என்று பார்ப்போம். அப்படி நூறு தூண் போட்டாலும் கோபேயின் அந்தப் பட்டை வராது. ஒரு தூணில் நடப்பது பக்கத்துத் தூணுக்குத் தெரியாது. மேற்பரப்பு அலையோ பக்கவாட்டில் ஓடுவது. அது ஓடுவதற்கு மாதிரியில் இடம் வேண்டும், ஓடி முடித்த பிறகு வெளியே போக வழியும் வேண்டும்.

இந்தக் கட்டுரையில் மூன்று மாதிரிகளை வரிசையாகப் போடப் போகிறோம். மூன்றிலும், கணினியை ஓட்டும் முன்பே என்ன விடை வர வேண்டும் என்று கையால் கணக்குப் போட்டு வைத்துக்கொள்வோம். என் அனுபவத்தில் இந்த வேலையைக் கற்க இதைவிட நல்ல வழி இல்லை. மென்பொருள் ஃப்ளாக், பிளாக்சிஸ், அபாகஸ், ஓப்பன்சீஸ் எதுவானாலும் சரி, படிகள் ஒன்றுதான்.

எதைத் தேடுகிறோம்

நிலத்துக்குள் ஓடும் உள் அலைகள் இரண்டு: போகும் திசையிலேயே அழுத்தி விரிக்கும் நெட்டலையும், குறுக்கலையும். இவை இரண்டும் சுதந்திரமான மேற்பரப்பில் சேர்ந்து உண்டாக்கும் அலையை 1885-ல் ரேலீ பிரபு காகிதத்தில் கணக்குப் போட்டே கண்டுபிடித்தார். இன்னொரு மேற்பரப்பு அலையான லவ் அலை 1911-ல் வந்தது. அது அலை போகும் திசைக்குக் குறுக்கே, கிடைமட்டமாக நிலத்தை ஆட்டும். மேலே மென்மையான அடுக்கு இருந்தால்தான் அது பிறக்கும். வழக்கமான இரு பரிமாணத் தளத்திரிபு மாதிரியில் தளத்துக்கு வெளியே அசைவே கிடையாது. அதனால் அங்கே லவ் அலையைத் தேட வேண்டாம், ரேலீயை மட்டும் பார்ப்போம்.

ரேலீ அலையை அடையாளம் காண சில எண்கள் மனப்பாடமாக இருக்க வேண்டும். பாய்சான் விகிதம் (ஒரு திசையில் அழுத்தினால் பக்கவாட்டில் எவ்வளவு விரியும் என்ற விகிதம்) 0.25 என்றால் ரேலீ அலையின் வேகம் குறுக்கலை வேகத்தில் 0.9194 பங்கு. 0.5-ஐ நெருங்கினால் 0.955. நிலப்பரப்பில் ஒவ்வொரு துகளும் நீள்வட்டத்தில் சுற்றும், 0.25-க்குச் செங்குத்து அசைவு கிடைமட்ட அசைவைப் போல 1.47 மடங்கு. சுற்றும் திசை பின்னோக்கி. கடலில் மிதக்கும் தக்கை அலையின் முகட்டில் இருக்கும்போது அலை போகும் பக்கமே நகரும். இங்கே துகள் உச்சியில் இருக்கும்போது அலை வந்த பக்கமாக நகரும். 0.19 அலைநீள ஆழத்தில் கிடைமட்ட அசைவு பூஜ்யமாகி, அதற்குக் கீழே சுற்று திசை மாறிவிடும். ஒரு அலைநீள ஆழத்தில் செங்குத்து அசைவு மேலே இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு. ஒன்றரை அலைநீளத்தில் 6 சதவீதம்தான் மிஞ்சும்.

இந்தக் கடைசி எண்தான் மாதிரியின் ஆழத்தை முடிவு செய்கிறது. உங்களுக்குத் தேவையான மிக நீண்ட அலைநீளத்தைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆழமாவது வையுங்கள்.

முதல் மாதிரி: ஒரே மண், ஒரே அடி

அடுக்கு எதுவும் இல்லாத, ஒரே சீரான மீள்தன்மை மண். அடர்த்தி கனமீட்டருக்கு 1,800 கிலோ, குறுக்கலை வேகம் விநாடிக்கு 200 மீட்டர், பாய்சான் விகிதம் 0.25. இதிலிருந்து சறுக்கு மட்டு 72 மெகாபாஸ்கல், யங் மட்டு 180 மெகாபாஸ்கல், நெட்டலை வேகம் 346 மீட்டர், ரேலீ அலை வேகம் 183.9 மீட்டர். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேற்பரப்பில் ஒரு புள்ளியில் செங்குத்தாக அடிக்கப் போகிறோம். 1904-ல் லாம்ப் தீர்த்த கணக்கு இது. அடியின் வடிவத்துக்கு ரிக்கர் துடிப்பை எடுத்துக்கொள்ளுங்கள், மைய அதிர்வெண் 10 ஹெர்ட்ஸ். சம்மட்டி அடி போல ஒருபக்கத் துடிப்பு ஏன் வேண்டாம்? அதன் மொத்த உந்தம் பூஜ்யமில்லை. உறிஞ்சும் எல்லைகள் நிலையான விசையைத் தாங்காது என்பதால் மாதிரி முழுவதும் கொஞ்சம் நகர்ந்து போய் நின்றுவிடும். ரிக்கரில் மேலும் கீழும் சமம், அந்தத் தொல்லை இல்லை. துடிப்பின் மையத்தை 0.12 விநாடியில் வையுங்கள். அதற்கு மிகவும் முன்னால் வைத்தால் துடிப்பு பாதியிலிருந்து திடீரென்று தொடங்கும். அந்த வெட்டு தேவையில்லாத உயர் அதிர்வெண்களைக் கிளப்பிவிடும்.

10 ஹெர்ட்ஸ் ரிக்கரில் 25 ஹெர்ட்ஸைத் தாண்டினால் உச்சத்தில் 4 சதவீதம் கூட இல்லை. கீழ்ப்பக்கம் 3 ஹெர்ட்ஸில் இன்னும் ஐந்தில் ஒரு பங்கு இருக்கிறது. ஆக 25 ஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 7.4 மீட்டர், 3 ஹெர்ட்ஸுக்கு 61 மீட்டர். குறுகியது எலிமென்ட் அளவை, அதாவது மண்ணைப் பிரிக்கும் சிறு கட்டங்களின் அளவைச் சொல்லும், நீண்டது ஆழத்தைச் சொல்லும். குல்மேயரும் லைஸ்மரும் 1973-ல் சொன்ன விதிப்படி ஒரு அலைநீளத்துக்கு 8 முதல் 10 எலிமென்ட் வேண்டும், அதாவது 0.74 மீட்டர். நாம் 0.5 மீட்டர் சதுரமாக வைப்போம். ஆழம் 90 மீட்டர்.

அடிக்கிற புள்ளியை மேல் இடது மூலையில் வைத்து, இடது ஓரத்தைச் சமச்சீர் அச்சாக்கிவிடலாம்: கிடைமட்டம் பிடித்து, செங்குத்து விட்டு. அகலம் 150 மீட்டர். மொத்தம் 54,000 எலிமென்ட், சாதாரண மடிக்கணினியே போதும். டாம்பிங் (அலையின் ஆற்றலை உறிஞ்சும் தணிப்பு) பூஜ்யம். ஈர்ப்பும் இப்போதைக்கு வேண்டாம்.

டைம் ஸ்டெப்: எக்ஸ்பிளிசிட் முறையில் (முந்தைய படியை மட்டும் வைத்து அடுத்ததை நேராகக் கணக்கிடுவது) ஒரு படியில் நெட்டலை ஒரு எலிமென்டைத் தாண்டக் கூடாது. 0.5-ஐ 346-ஆல் வகுத்தால் 0.00144 விநாடி. 0.0005 வைத்தால் நிம்மதி. இம்ப்ளிசிட் முறையில் (ஒவ்வொரு படியிலும் எல்லாச் சமன்பாடுகளையும் சேர்த்துத் தீர்ப்பது) பெரிய படியும் உடையாமல் ஓடும். ஆனால் உடையவில்லை என்பதால் விடை சரி என்று ஆகாது, 0.001-க்கு மேல் போகாதீர்கள். மொத்தம் 1.5 விநாடி ஓட்டுங்கள். மேற்பரப்பில் 20 மீட்டரிலிருந்து 100 மீட்டர் வரை 5 மீட்டருக்கு ஒன்றாகப் பதிவுப் புள்ளிகள். 80 மீட்டர் தூரத்தில் மட்டும் கீழ்நோக்கி அரை மீட்டருக்கு ஒன்றாக 20 மீட்டர் ஆழம் வரை.

இப்போது சரிபார்ப்பு

ஓட்டம் முடிந்ததும் வண்ணப் படத்தைத்தான் எல்லோரும் முதலில் திறப்பார்கள். அழகாகத்தான் இருக்கும், ஆனால் அது எதையும் நிரூபிக்காது. பதிவுகளைத் தூரத்துக்கு ஒன்றாக அடுக்கி, காலம்–தூரம் படம் வரையுங்கள். முன்னால் சிறியதாக நெட்டலை, 100 மீட்டரில் துடிப்பு நேரத்தைக் கழித்தால் 0.29 விநாடியில். அப்புறம் பெரியதாக ஒன்று வரும், 0.54 விநாடியில். அதுதான் நம் ஆள்.

வேகம்: 40 மீட்டர் பதிவிலும் 90 மீட்டர் பதிவிலும் ஒரே உச்சத்தைக் குறித்து நேரத்தைக் கழியுங்கள். 50 மீட்டரை 183.9-ஆல் வகுத்தால் 0.272 விநாடி. உங்களுக்கு 0.250 வந்தால் நீங்கள் பார்த்தது குறுக்கலை வேகம், பொருள் பண்புகளிலோ உச்சத்தைத் தேர்ந்ததிலோ பிழை இருக்கிறது.

உயரம்: இது பலரைக் குழப்பும். மைதானத்தில் சம்மட்டியால் அடித்தால் ரேலீ அலை தூரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். 25 மீட்டரில் இருந்தது 100 மீட்டரில் பாதி. ஆனால் இரு பரிமாணத் தளத்திரிபில் நீங்கள் அடிப்பது ஒரு புள்ளி இல்லை, தாளுக்குள் முடிவில்லாமல் நீளும் ஒரு கோடு. அலை பரவி மெலிய இடமே இல்லை. அதனால் டாம்பிங் இல்லாத மாதிரியில் 40 மீட்டரிலும் 100 மீட்டரிலும் ரேலீ துடிப்பு ஒரே உயரத்தில்தான் இருக்க வேண்டும். குறைந்தால் எங்கோ ஆற்றல் களவு போகிறது. அதே மெஷ்ஷை (எலிமென்ட்களின் வலையை), இடது ஓரத்தைச் சுற்றிச் சுழற்றியது போலக் கணக்கிடும் அச்சுச் சமச்சீர் முறைக்கு மாற்றி ஓட்டினால் வர்க்கமூல விதி வந்துவிடும். இரண்டையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், பத்து நிமிட வேலை.

என்னுடைய முதல் மாதிரியில் அலை 60 மீட்டரைத் தொடுவதற்குள்ளேயே செத்துப் போனது. மெஷ்ஷை மூன்று முறை மாற்றினேன், எல்லைகளை மாற்றினேன். கடைசியில் பார்த்தால், நிலைக் கணக்கு சீக்கிரம் சமநிலைக்கு வருவதற்காக மென்பொருள் இயல்பாகவே வைத்திருக்கும் லோக்கல் டாம்பிங் அணையாமல் இருந்தது. ஃப்ளாக்கில் அதன் மதிப்பு 0.8. அலைக் கணக்கில் அது இருந்தால் எதுவும் மிஞ்சாது. ஓட்டும் முன் இதை முதலில் பாருங்கள்.

சுற்று: 80 மீட்டர் புள்ளியில் கிடைமட்டத்தை ஒரு அச்சிலும் செங்குத்தை இன்னொரு அச்சிலும் வைத்து, ரேலீ துடிப்பு கடக்கும் நேரத்துக்கு மட்டும் வரையுங்கள். துகள் உச்சியில் இருக்கும் கணத்தில் அடித்த இடத்தை நோக்கி நகர்கிறதா என்று பாருங்கள். இரண்டு பதிவின் ஃபூரியர் வீச்சுகளையும் வகுத்தால், துடிப்பில் ஆற்றல் உள்ள அதிர்வெண்கள் எல்லாவற்றிலும் 1.47-ஐ ஒட்டி வர வேண்டும். அப்புறம் கீழே இறங்குங்கள். 10 ஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 18.4 மீட்டர், அதில் 0.19 பங்கு 3.5 மீட்டர். அந்த ஆழத்துக் கணுவில் (எலிமென்டின் மூலைப் புள்ளியில்) 10 ஹெர்ட்ஸின் கிடைமட்ட வீச்சு கிட்டத்தட்டக் காணாமல் போயிருக்கும். 5 மீட்டரில் மறுபடி தலைகாட்டும், சுற்று மாறியிருக்கும். இதை நீங்களே வரைந்து பார்க்கும்போது ரேலீயின் சமன்பாடு வேறு மாதிரி புரியும்.

மெஷ் பொய் சொல்வது எப்படி

ஒரே சீரான மண்ணில் எல்லா அதிர்வெண்ணும் ஒரே வேகத்தில் ஓடும். துடிப்பின் வடிவம் மாறாது. அதனால் தூரம் போகப் போகத் துடிப்புக்குப் பின்னால் சின்னச் சின்ன நெளிவுகள் வால் போல நீண்டால், அது மண்ணின் குணம் இல்லை. எலிமென்ட் பெரிதாக இருப்பதால் குறுகிய அலைகள் பின்தங்குகின்றன.

வேண்டுமென்றே ஒருமுறை கெடுத்துப் பாருங்கள். 0.5 மீட்டரை 2 மீட்டராக்கி ஓட்டினால் 25 ஹெர்ட்ஸ் அலைக்கு நான்கு எலிமென்ட் கூட இருக்காது, வால் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். அந்த உருவத்தை நினைவில் வைத்துக்கொள்வது முக்கியம். ஏனென்றால் அடுக்கு மண்ணில் உண்மையிலேயே அலைகள் பிரிந்து ஓடும், அங்கே உண்மைப் பிரிகையும் மெஷ் பிரிகையும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். அப்போது கண்ணால் பிரிக்க முடியாது. சீரான மண்ணில் அதே மெஷ்ஷை முன்பே சோதித்திருந்தால்தான் நம்பலாம்.

மேற்பரப்பு விஷயத்தில் முறைக்கு முறை வேறுபாடும் உண்டு. ஃபைனைட் எலிமென்டில் சுதந்திர மேற்பரப்பு தானாகவே சரியாக அமையும். ஸ்பெக்ட்ரல் எலிமென்டில் அலைநீளத்துக்கு 5 புள்ளியளவே போதும். தாண்டிவைத்த கட்டங்களில் ஓடும் ஃபைனைட் டிஃபரன்ஸ் நிரலாக இருந்தால் ரேலீக்கு இன்னும் நெருக்கமான கட்டம் வேண்டும், உள் அலைகளுக்குப் போதுமான அளவு இதற்குப் போதாது.

ஓரங்கள்

மேற்பரப்பு அலை மாதிரிகள் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

லைஸ்மரும் குல்மேயரும் 1969-ல் கொடுத்த பாகுநிலை எல்லைதான் இன்றும் எல்லா மென்பொருளிலும் இருக்கிறது. ஓரத்துக்குச் செங்குத்தான திசையில் அடர்த்தி பெருக்கல் நெட்டலை வேகம், ஓரத்தை ஒட்டிய திசையில் அடர்த்தி பெருக்கல் குறுக்கலை வேகம் என்று டேஷ்பாட்டுகளை (வேகத்துக்கு ஏற்ப எதிர்க்கும் தணிப்பான்களை) வைக்கிறோம். நம் மண்ணுக்குச் சதுர மீட்டருக்கு 6,23,500-ம் 3,60,000-ம், எஸ்ஐ அலகில். கையால் வைப்பதானால் ஒவ்வொரு கணுவுக்கும் அதன் பங்கு நீளமான 0.5 மீட்டரால் பெருக்க வேண்டும், மூலைக் கணுவுக்குப் பாதி. இந்தப் பெருக்கலை விட்டுவிடுவது நான் மற்றவர்களின் கோப்புகளில் அடிக்கடி பார்க்கும் பிழை.

இந்த எல்லை நேராக வந்து மோதும் உள் அலையை முழுதாக விழுங்கிவிடும். சாய்ந்து வருவதை ஓரளவுதான். ரேலீ அலை நெட்டலையும் குறுக்கலையும் கலந்த ஒன்று என்பதால், அதில் ஒரு பகுதி திரும்பி வரும். எவ்வளவு திரும்புகிறது என்று ஊகிக்க வேண்டாம், அளந்துவிடலாம். அதே மாதிரியை 400 மீட்டர் அகலமாக்கி ஒரே ஒருமுறை ஓட்டுங்கள். அந்தப் பெரிய மாதிரியில் ரேலீ அலை ஓரத்தைத் தொட்டுத் திரும்ப நேரமே இல்லை. சிறியதன் பதிவிலிருந்து பெரியதன் பதிவைக் கழித்தால் மிஞ்சுவது ஓரம் திருப்பியனுப்பியது. 100 மீட்டர் புள்ளியில் ரேலீயின் எதிரொலி வர வேண்டிய நேரமும் கையில் இருக்கிறது: போய்த் திரும்ப 200 மீட்டர், 1.09 விநாடி, அதோடு துடிப்பின் 0.12. காலம்–தூரம் படத்தில் வலப்பக்கம் சாய்ந்து இறங்கும் கோடு ஓரத்தில் முட்டி இடப்பக்கம் திரும்பினால் அதுதான் எதிரொலி. அதிகமாக இருந்தால் ஓரத்தைத் தள்ளி வையுங்கள், அல்லது உங்கள் மென்பொருளில் பிஎம்எல் எனப்படும் முழு உறிஞ்சு அடுக்கு இருந்தால் அதைப் போடுங்கள். 1994-ல் பெரஞ்சே மின்காந்த அலைகளுக்காகக் கண்டுபிடித்த அந்த முறை, பாசுவும் சோப்ராவும் 2003-ல் செய்த வேலைக்குப் பிறகு மண் கணக்கிலும் பரவியது.

இரண்டு ஓரங்களையும் ஒன்றோடொன்று கட்டிவிடும் முறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரே மட்டத்தில் உள்ள இடது, வலது கணுக்கள் சேர்ந்தே அசையும். ஒற்றைத் தூணுக்கு இது அருமையான முறை. ஆனால் நடுவில் ஒரு அஸ்திவாரமோ மேடோ விளிம்போ மேற்பரப்பு அலையைக் கிளப்பினால், வலது ஓரத்தில் வெளியேறும் அலை அப்படியே இடது ஓரம் வழியாக உள்ளே வந்துவிடும். அது சுற்றிச் சுற்றி வரும், அதிர்வு முடிந்த பிறகும் நிலம் ஆடிக்கொண்டே இருப்பது போலத் தெரியும். உருளை ஆதரவு வைத்தால் இன்னும் மோசம், அது அலையை அப்படியே திருப்பியனுப்பும் சுத்தமான கண்ணாடி.

பூகம்பக் கணக்கில், அடியிலிருந்து ஏறும் அலையும் ஓரத்தில் சரியாக ஏற வேண்டும் என்பதால் ஃப்ரீ ஃபீல்டு எல்லை தேவை. ஓரத்துக்கு வெளியே ஒரு தனித் தூண் கூடவே ஓடும். டேஷ்பாட்டுகள் மாதிரிக்கும் தூணுக்கும் இடையிலுள்ள வேக வித்தியாசத்தை மட்டும் தணிக்கும். நம் ரேலீ அலை அந்த வித்தியாசத்துக்குள்தான் வரும், ஆகவே பாகுநிலை எல்லையின் குறை இதற்கும் உண்டு.

சரி, தொலைவிலிருந்து ரேலீ அலையாகவே வரும் அதிர்வு வேண்டுமென்றால்? 1985 செப்டம்பர் 19-ல் மெக்சிகோ நகரம் அழிந்தபோது பூகம்பத்தின் மையம் 350 கிலோமீட்டருக்கும் அப்பால் பசிபிக் கரையில் இருந்தது. ஏரிக் களிமண்ணில் 2 விநாடிக் காலத்தை ஒட்டி நீண்ட நேரம் ஆட்டம் நீடித்தது. இப்படிப்பட்ட அலைவடிவை மாதிரியின் அடியில் எல்லாக் கணுவுக்கும் ஒன்றாகக் கொடுத்தால், அது கீழிருந்து நேராக ஏறும் குறுக்கலையாக மாறிவிடும், ரேலீயாக இருக்காது. அலையைப் பக்கவாட்டில் உள்ளே விட பீலாக்கும் அவர் குழுவும் வளர்த்த டொமைன் ரிடக்‌ஷன் முறையைப் பயன்படுத்த வேண்டும். மாதிரியின் உட்புறம் ஒரு எலிமென்ட் கனமுள்ள வளையம் எடுத்து, அந்த வளையக் கணுக்களில் ரேலீ அலை எப்படி அசைக்கும் என்று முதலில் தனியாகக் கணக்கிட்டு, அதற்கு ஈடான விசைகளாகக் கொடுப்பார்கள். முதல் மாதிரியை முடித்துவிட்டு, அதன் மேல் இதைச் செய்து பழகுங்கள். வளையத்துக்கு வெளியே அசைவு பூஜ்யமாக இருந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

டாம்பிங்

பெயர்க் குழப்பம் ஒன்று: ரேலீ டாம்பிங்குக்கும் ரேலீ அலைக்கும் மனிதர் ஒருவரே என்பதைத் தவிர வேறு தொடர்பில்லை. நிறைக்கு ஒரு கெழு, விறைப்புக்கு ஒரு கெழு. 5 ஹெர்ட்ஸிலும் 20 ஹெர்ட்ஸிலும் 2 சதவீதம் வேண்டுமென்றால் நிறைக் கெழு 1.005, விறைப்புக் கெழு 0.000255. இடையில் 2-ஐவிடக் குறைவு, வெளியே அதிகம். எக்ஸ்பிளிசிட் நிரல்களில் விறைப்புப் பகுதி டைம் ஸ்டெப்பைக் கடுமையாகச் சுருக்கும், எச்சரிக்கை. நீருக்கடியில் உள்ள மண்ணும் அப்படித்தான்: நெட்டலை வேகம் விநாடிக்கு 1,500 மீட்டரை எட்டும், 0.5 மீட்டர் எலிமென்டுக்கு எல்லை 0.00033 விநாடியாக இறங்கிவிடும்.

இரண்டாவது மாதிரி: மென்மண் மேலே, கடினம் கீழே

10 மீட்டர் கனத்துக்கு விநாடிக்கு 150 மீட்டர் வேகமுள்ள மண், அதற்குக் கீழே 400. பாய்சான் விகிதம் இரண்டுக்கும் 0.25. குறுகிய அலைகளுக்கு மேல் அடுக்கு மட்டும்தான் தெரியும், அவை விநாடிக்கு 138 மீட்டரில் ஓடும். நீண்ட அலைகள் கீழ் மண்ணைத் தொடும், 368-ஐ நோக்கி வேகம் ஏறும். அதிர்வெண்ணுக்கு எதிராக வேகத்தை வரைந்தால் வரும் பிரிகை வளைவுக்கு இந்த இரண்டு எண்களும் இரு முனைகள்.

மாதிரி பெரிதாக வேண்டும். கீழே 5 ஹெர்ட்ஸ் வரை நம்ப வேண்டுமென்றால் அலைநீளம் 74 மீட்டர் வரை போகலாம். ஆழம் 110, அகலம் 250 மீட்டர். 25 ஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 5.5 மீட்டர், 0.5 மீட்டர் மெஷ் தாங்கும். 40 மீட்டரிலிருந்து 2 மீட்டருக்கு ஒன்றாக 48 பதிவுப் புள்ளிகள். 40 ஏன்? மிக நீண்ட அலைநீளத்தில் பாதித் தூரமாவது போகாமல் ரேலீ அலை சரியாக உருவாகாது. 2 மீட்டர் ஏன்? இடைவெளியின் இரண்டு மடங்கைவிடக் குறுகிய அலைநீளத்தை வரிசையால் பிரித்தறிய முடியாது.

48 பதிவுகளையும் 1999-ல் கான்சஸ் நிலவியல் ஆய்வகத்தின் பார்க், மில்லர், சியா மூவரும் பிரபலமாக்கிய, பல புள்ளிப் பதிவுகளைச் சேர்த்து மேற்பரப்பு அலையின் வேகத்தைக் கணக்கிடும் மாஸ்வ் முறையில் அதிர்வெண்–வேகம் படமாக மாற்றுங்கள். மைதானத்தில் ஜியோபோன் (நில அதிர்வு உணரி) வைத்துச் செய்யும் அதே வேலைதான். அடுக்கு மண்ணுக்கான பிரிகை வளைவைத் தாம்சன், ஹாஸ்கல் வழியில் கணக்கிடும் இலவச பைத்தான் நிரல்கள் கிடைக்கின்றன. அதில் வரும் வளைவைப் படத்தின் மேல் வரையுங்கள். பிரகாசமான முகடும் வளைவும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார வேண்டும். உயர் அதிர்வெண்ணில் முகடு திடீரென்று மேலே தாவினால் பயப்பட வேண்டாம், அது உயர் முறைமை, அதாவது அதே அதிர்வெண்ணில் இன்னும் வேகமாக ஓடும் வேறொரு அலைவடிவம், அதற்கான வளைவையும் வரைந்து ஒப்பிடுங்கள். குறைந்த அதிர்வெண்ணில் மட்டும் விலகினால் ஆழத்தையும் ஓரத்தையும் சந்தேகியுங்கள்.

மூன்றாவது மாதிரி: வண்டலின் விளிம்பு

இப்போது கோபேயின் சிறிய வடிவம். இடப்பக்கம் 300 மீட்டர் அகலத்துக்குப் பாறை, குறுக்கலை வேகம் 800. வலப்பக்கம் 1,000 மீட்டர் அகலத்துக்கு 50 மீட்டர் கனமுள்ள வண்டல், வேகம் 200, அடியில் அதே பாறை. விளிம்பு செங்குத்துச் சுவர். மொத்த ஆழம் 150 மீட்டர். அடியிலிருந்து 2 ஹெர்ட்ஸ் ரிக்கர் குறுக்கலை. மேல் எல்லை 5 ஹெர்ட்ஸ் என்றால் வண்டலில் அலைநீளம் 37 மீட்டர், 2.5 மீட்டர் எலிமென்ட் தாராளம். மொத்தம் 31,200.

அடி எல்லையில் டேஷ்பாட்டும் இருக்கும், அதிர்வும் உள்ளே வர வேண்டும். எனவே அதிர்வை வேகமாகக் கொடுக்காமல் சறுக்குத் தகைவாகக் கொடுக்கிறோம்: 2 பெருக்கல் அடர்த்தி பெருக்கல் குறுக்கலை வேகம் பெருக்கல் மேலேறும் அலையின் துகள் வேகம். பாதியை டேஷ்பாட் எடுத்துக்கொள்வதால் அந்த 2. உங்களிடம் இருப்பது பாறைமேட்டில் எடுத்த பதிவு என்றால் மேலேறும் அலை அதில் பாதிதான். இரண்டையும் குழப்பினால் அதிர்வு இரட்டிப்பாகிவிடும். பிளாக்சிஸில் காம்ப்ளையன்ட் பேஸ் எனப்படும் உறிஞ்சும் அடி எல்லையை எடுத்தாலும் இந்தப் பாதிக் கணக்கு உண்டு. ஈர்ப்பு நிலையை முதலில் ஓட்டுபவர்கள், பிடித்திருந்த எல்லையை விட்டு டேஷ்பாட்டுக்கு மாறும்போது பழைய எதிர்விசைகளை அந்தக் கணுக்களில் வைக்க மறக்காதீர்கள். மறந்தால் மாதிரி மொத்தமாகக் கீழே இறங்கும். இருபக்கமும் ஃப்ரீ ஃபீல்டு. இடது தூண் முழுவதும் பாறை, வலது தூண் பாறையும் வண்டலும்.

ஓட்டும் முன் கைக்கணக்கு. அலை பாறை வழியாக விளிம்பின் மேல்முனையை அடைய 150 கீழ் 800, அதாவது 0.19 விநாடி. வண்டலின் நடுவே ஏறும் அலைக்குப் பாறையில் 0.125, வண்டலில் 0.25, மொத்தம் 0.375 விநாடி. பாறைப் பக்கம் 0.19 விநாடி முன்னாலேயே ஆடத் தொடங்கி, வண்டலைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. அந்த அலை விநாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் வண்டலுக்குள் ஓடி, நேராக ஏறும் அலை மேலே வந்து சேரும்போது விளிம்பிலிருந்து 37 மீட்டர் தள்ளி நிற்கும். இரண்டும் சந்திக்கும் இடம் ஏறக்குறைய அதுதான். வண்டல் 1 கிலோமீட்டர் கனமாக இருந்து வேக விகிதம் இதே போல இருந்தால் அந்த இடம் 750 மீட்டர் தள்ளிப் போகும். கோபேயின் பட்டை மலையடியில் இல்லாமல் ஏன் விலகி நின்றது என்பது இந்த ஒரு கழித்தலில் தெரிகிறது.

இப்போது மாதிரியை ஓட்டி, மேற்பரப்பில் 10 மீட்டருக்கு ஒன்றாகப் பதிவெடுத்து அடுக்குங்கள். வண்டல் முழுவதும் ஒரே நேரத்தில் வரும் கிடைக்கோடு நேரடிக் குறுக்கலை. ஒற்றைத் தூண் கணக்கு தருவது அது மட்டும்தான். விளிம்பிலிருந்து கிளம்பிச் சாய்வாக ஓடும் கோடுகள் பக்கவாட்டு அலைகள். தூரம் போகப் போக அவை விரிந்து பல கோடுகளாகப் பிரிவதைப் பார்ப்பீர்கள், அது வண்டலின் உண்மைப் பிரிகை. இரண்டாவது மாதிரியில் செய்தது போல வளைவு போட்டு உறுதி செய்யலாம். செங்குத்துப் பதிவைத் தனியாக வரையுங்கள். செங்குத்தாக ஏறும் குறுக்கலையில் செங்குத்து அசைவே கிடையாது. ஆகவே விளிம்பிலிருந்து தொலைவில் அந்தப் பதிவில் தெரிவது எல்லாம் விளிம்பு கிளப்பியதுதான், கலப்படம் இல்லாமல்.

கடைசியாக உச்ச வேகத்தைத் தூரத்துக்கு எதிராக வரைந்து, உச்சம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அப்புறம் செங்குத்துச் சுவரை 45 பாகைச் சரிவாக மாற்றி மறுபடி ஓட்டுங்கள். உச்சம் நகரும், சாய்ந்த கோடுகளின் உயரமும் மாறும். எவ்வளவு என்று ஓட்டும் முன்பே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.